கன்மெட்டல் கப்ளிங்

நம்ம கோயமுத்தூரு கார்ப் பசங்க ஒரு வாட்ஸப் குரூப் வெச்சிருக்காங்க. பழைய கார், வெளிநாட்டுக் கார், எஞ்சினைத் தோண்டித் துருவி ஓட்டற கார், எல்லாமே அதுல உண்டு. ரிட்டயர் ஆன மெக்கானிக்குன்னு என்னையும் அதுல சேத்துப்போட்டாங்க. போன மாசம் ஒரு தம்பி கேட்டாரு. “ரங்கசாமியண்ணா, சூப்பர்சார்ஜரை ஊட்டுலயே சர்வீஸ் பண்றது எப்படின்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன். வீடியோ பாத்துத்தான் பண்றோம், பயமா இருக்குதுங்க.” எழுதித் தாரேன்னு சொன்னேன். ரெண்டு பக்கம் எழுதியும் வெச்சேன்.

அன்னிக்குச் சாங்காலமே இன்னொரு தம்பி ஒரு போட்டோ போட்டாரு. உள்ளங்கையில பளபளன்னு ஒரு உலோக வட்டு, அதுல ஆறு ஓட்டை. கீழ எழுதியிருந்தாரு: “ஒரிஜினல் பிளாஸ்டிக் கப்ளிங் தேஞ்சுபோச்சு. கணபதி லேத்துப் பட்டறையில கன்மெட்டல்ல கடைஞ்சு வாங்கிட்டேன். நம்மூரு வேலை. ஆயுசுக்கும் நிக்கும்.” அத்தனை பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தாங்க.

அந்த வட்டை எனக்குத் தெரியும். அதே கணபதியில, அதே கன்மெட்டல்ல, என்ற கையால நானே ஒண்ணு கடைஞ்சேன். ஆயுசுக்கும் நிக்கும்னு இதே வார்த்தையத்தான் நானும் சொன்னேன். அதுல ஒரு அம்மாவோட உசுரு போச்சு. ஒரு நல்ல மனுசன் செய்யாத தப்புக்கு ஜெயிலுக்குப் போனாரு. இது ரெண்டும் என்னாலதான்னு பதினாலு வருஷமா நான் வெளிய சொன்னதில்லை. எழுதி வெச்ச ரெண்டு பக்கத்தைக் கிழிச்சுப்போட்டு மறுபடியும் முதல்ல இருந்து எழுதறேன். படிச்சு முடிச்சுட்டு என்னைத் திட்டறதுன்னா தாராளமாத் திட்டுங்க.

முதல்ல கேட்டதைச் சொல்லிடறேன்.

சூப்பர்சார்ஜர்ங்கறது எஞ்சினுக்குக் காத்தை அடைச்சு ஊதற ஒரு பம்பு. பெல்ட்டுல சுத்துது. உள்ள ரெண்டு உருளை ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிச் சுத்தும், ஆனா ஒண்ணையொண்ணு தொடாது. தொட்டுதுன்னா முடிஞ்சுது கதை. முன்னாடி நீட்டிட்டு இருக்கறதை நாங்க மூக்குன்னு சொல்லுவோம். மூக்கு நுனியில பெல்ட்டு ஓடற சக்கரம், அதுதான் புல்லி. மூக்குக்குள்ள கொஞ்சூண்டு ஆயில். ஊட்டுல நீங்க செய்யற வேலை பெரும்பாலும் இந்த ஆயில் மாத்தறதுதான்.

வண்டியைச் சமதரையில நிறுத்துங்க. எஞ்சின் நல்லா ஆறணும். முந்தின நாள் நிறுத்தி அடுத்த நாள் காலையில தொறக்கறதுதான் சரி. ஆயில் பிளக்கைச் சுத்தி இருக்கற அழுக்கை முதல்ல துடைங்க, இல்லாட்டி மண்ணு உள்ள போயிரும். கீழ வடிக்கறதுக்கு ஓட்டை கிடையாது. ஆஸ்பத்திரி சிரிஞ்சுல சன்னமான டியூபைச் சொருகி உறிஞ்சி எடுக்கணும். எடுத்ததைக் கீழ ஊத்தீராதீங்க. எவ்வளவு வந்துதுன்னு அளங்க. ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்துல விட்டு வெயில்ல சாய்ச்சுப் பாருங்க. கறுப்பா இருந்தாப் பரவாயில்லை. மினுமினுன்னு இருந்தா உள்ள இரும்பு தேயுதுன்னு அர்த்தம், அதோட நிறுத்திட்டு தெரிஞ்சவங்ககிட்டக் கொண்டு போங்க. புது ஆயிலை பிளக் ஓட்டையோட அடி மரை வரைக்கும்தான் ஊத்தணும். அதுக்குன்னு விக்கற ஆயில்தான், எஞ்சின் ஆயில் ஆகாது. நாத்தம் கொடலைப் புரட்டும், அது அப்படித்தான் இருக்கும். பிளக்குக்குப் புது ரப்பர் ஓ-ரிங் போடுங்க. ஏர் பில்டரை அடிக்கடி பாருங்க. நம்மூர்ல மில்லுப் பக்கம் குடியிருந்தா பஞ்சுத் தூசி அதுல கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும்.

ஐடிலிங்ல டப்பாக்குள்ள புளியங்கொட்டையைக் குலுக்கற மாதிரி ஒரு சத்தம் வந்துதுன்னா அது கப்ளிங். புல்லித் தண்டையும் உருளையையும் இணைக்கற பிளாஸ்டிக் வட்டு. அது தேஞ்சா அதேதான் வாங்கிப் போடணும். இந்த ஒரு வரியை எழுதறதுக்குத்தான் இத்தனையும்.

எனக்குச் சொந்த ஊரு காரமடை. பத்தாவது ஃபெயில். கணபதியில ஒரு பம்பு பட்டறையில லேத்து பழகினேன். அங்க எல்லாமே செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டல்தான். பம்புக்குள்ள எது தேஞ்சாலும், எது ஒடைஞ்சாலும், கன்மெட்டல்ல ஒண்ணு கடைஞ்சு போட்டுருவோம். ஜப்பான்காரன் பிளாஸ்டிக்ல செஞ்சதை, ஜெர்மன்காரன் ரப்பர்ல செஞ்சதை, நாங்க கன்மெட்டல்ல செஞ்சு மாட்டி ஓட்டிக் காட்டுவோம். அந்தத் திமிரு எங்க எல்லாருக்கும் உண்டு. அது எனக்குக் கொஞ்சம் தூக்கலா இருந்துது. அப்புறம் அவிநாசி ரோட்டுல வெளிநாட்டு வண்டி பாக்கற ஒர்க் ஷாப்புல சேந்தேன். அங்கயே முப்பத்தொரு வருஷம் ஓடிப்போச்சு.

நான் சேந்து பதினஞ்சு வருஷம் கழிச்சு சுலைமான் ஃபோர்மேனா வந்தாரு. கோட்டைமேட்டுக்காரரு, டிப்ளமோ படிச்சவரு, என்னை விட ஒம்போது வயசு சின்னவரு. அந்த வேலை எனக்குத்தான் வரும்னு நான் நெனைச்சிருந்தேன். அதனால வேணும்னே அவரைச் ‘சார், சார்’னு கூப்பிட்டுக் கடுப்பேத்துவேன். அவரு பதிலுக்கு ஒவ்வொரு தடவையும் “சொல்லுங்கண்ணா”ம்பாரு. ஒரு நாள் கூடக் குரல் ஒசந்ததில்லை.

அவரு வேலை செய்யறதைப் பாத்தா எனக்குப் பத்திட்டு வரும். அத்தனை நிதானம். மேசை மேல வெள்ளைத் துணி விரிப்பாரு. கழட்டறதைக் கழட்டற வரிசையில இடமிருந்து வலமா வெப்பாரு. ஒரு போல்ட்டைத் தொடறதுக்கு முன்னாடி போல்ட் தலை மேலயும் பக்கத்து பாடி மேலயும் சேத்து ஒரு சாக்பீஸ் கோடு இழுப்பாரு. அவரு இல்லாதப்ப யாராச்சும் திருப்பியிருந்தா கோடு வெலகிக் காட்டிக் குடுத்துரும். “எங்களை நம்பலீங்களா சார்?”னு ஒரு நாள் நக்கலாக் கேட்டேன். “என்னையவே நம்பறதில்லீங்கண்ணா, மறந்துருவேன்”னாரு. வெள்ளிக்கெழமை தொழுகைக்குப் போறப்ப பாதி வேலையை அப்படியே வெச்சுட்டுப் போவாரு. திரும்பி வந்து கோட்டையெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்துட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பாரு.

அவரு வந்த புதுசுல ஒரு வண்டி மூக்குக்கு நான் ஆயில் மாத்தினேன். கொஞ்சம் சேத்து ஊத்துனா நல்லதுதானேன்னு வழிய வழிய ஊத்திப்போட்டேன். ரெண்டு நாள்ல வண்டி நீலப் புகை கக்கிட்டு வந்து நின்னுது. சூடேறி சீல் பிதுங்கி ஆயில் எஞ்சினுக்குள்ள போயிருச்சு. எல்லார் முன்னாலயும் கிழிப்பாருன்னு எதிர்பாத்தேன். அவரு என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. “கம்பெனிக்காரங்க ஏன் அடி மரை வரைக்கும்னு சொன்னாங்கன்னு யோசிச்சீங்களாண்ணா?” அவருக்கு எப்பவும் அந்த ஒரே கேள்விதான். ஏன் அப்படி வெச்சிருக்காங்க. எனக்கு அந்தக் கேள்வியே எரிச்சலா இருக்கும்.

ஜெகந்நாதன் அய்யா எங்களுக்குப் பழைய கஸ்டமர். துடியலூர்ப் பக்கம் மில்லு வெச்சிருந்த நாயுடு குடும்பம். மில்லை மூடிட்டாங்க, ஆனா அந்தக் காரை விடலை. சூப்பர்சார்ஜர் வெச்ச வெளிநாட்டுக் காரு, கம்பெனி பேரு வேண்டாம். அதுல ஒரே நீளப் பெல்ட்டுதான் எல்லாத்தையும் ஓட்டும். டைனமோ, தண்ணி பம்பு, பவர் ஸ்டியரிங், சூப்பர்சார்ஜர், நாலுக்கும் சேத்து ஒரே பெல்ட்டு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

அதுல புளியங்கொட்டைச் சத்தம் வந்துது. சுலைமான் பாத்துட்டு கப்ளிங்னு சொல்லிட்டாரு. வெளிநாட்டுல இருந்து வரணும், ஆறு வாரம் ஆகும்னாரு. அது வரைக்கும் வண்டியை எடுக்க வேண்டாம்னும் சொன்னாரு. அய்யாவுக்கு மனசு கேக்கலை. எனக்கு போன் பண்ணினாரு. “ரங்கசாமி, ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வந்து பாருங்களேன். எங்க ஊட்டம்மாவை கோத்தகிரி கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்கறேன்.”

போனேன். கார் ஷெட்டுல அவங்க டிரைவர் மருதாசலம் எனக்கு லைட்டுப் பிடிச்சாரு. இருபத்திரண்டு வருஷமா அந்த ஊட்டு வண்டி ஓட்டறவரு. ஒரு கீறல் விழ விட்டதில்லை. வாயில எப்பவும் ஒரு கிராம்பு இருக்கும். ஏனுங்கன்னு கேட்டேன். “சாப்புட்டு ஓட்டறப்ப கண்ணு சொக்கக் கூடாதில்லீங்களா”ன்னாரு. பெல்ட்டைக் கழட்டி மூக்கைப் பிரிச்சேன். பிளாஸ்டிக் வட்டுல ஓட்டையெல்லாம் முட்டை மாதிரி நீண்டு போயிருந்துது. அய்யா பக்கத்துல நின்னாரு.

“இதுக்கா ஆறு வாரம்? அட போங்கய்யா. கணபதியில ஒரு மணி நேரத்துல கன்மெட்டல்ல கடைஞ்சு தாரேனுங்க. ஆயுசுக்கும் நிக்கும்.”

அய்யா மூஞ்சி அப்படியே மலந்துபோச்சு. நான் பழகின பட்டறைக்கே போயி கடைஞ்சேன். ஆறு ஓட்டையும் நூலு பெசகாம வந்துது. அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள மாட்டி ஸ்டார்ட் பண்ணினா சத்தமே இல்லை. அய்யா என்ற தோள்ல தட்டி “கோயமுத்தூர்க் கையி கையிதான்யா”ன்னாரு. அம்மா காப்பி கொண்டு வந்தாங்க. கொஞ்சம் பயந்த சுபாவம். “ஏனுங்க ரங்கசாமி, இனிமே ஒண்ணும் ஆகாதில்லீங்களா? அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வண்டியில ஏறவே தோண மாட்டேங்குதுங்க.”

“வெசனப்படாதீங்கம்மா. நானாச்சு”ன்னேன்.

அடுத்த வாரம் வண்டி வேற வேலைக்கு ஒர்க் ஷாப் வந்துது. சுலைமான் பேனட்டைத் தொறந்து காதைக் குடுத்துக் கேட்டாரு. சத்தம் காணோம். நான் பெருமையா விஷயத்தைச் சொன்னேன். அவரு எஞ்சினை நிறுத்திட்டு என்ற பக்கம் திரும்பினாரு.

“அவங்க ஏண்ணா அதைப் பிளாஸ்டிக்ல வெச்சாங்க?”

“லாபத்துக்குத்தானுங்க சார். தேஞ்சாத்தானே மறுபடி விக்கலாம்.”

“எனக்கு அப்படித் தோணலீங்கண்ணா. உள்ள ஏதாச்சும் இறுகிப்போச்சுன்னா முதல்ல அதுதான் ஒடையணும். அது ஒடைஞ்சா புல்லி சும்மா சுத்தும், பெல்ட்டு நிக்காது. எஞ்சின் அதிர்ச்சியையும் அது தாங்கிக்கும். கன்மெட்டல் தாங்காது, அப்படியே பேரிங்குக்கு அனுப்பும். ஒரிஜினல் வந்த அன்னிக்கே மாத்திருங்க.”

ஆறு வாரத்துல ஒரிஜினல் வந்துது. சின்ன அட்டைப் பெட்டி. அதை அய்யா என்ற கையிலயே குடுத்துட்டாரு. நான் அதை என்ற டூல்ஸ் பெட்டிக்குள்ள போட்டேன். போட்டதுதாங்க, எடுக்கலை. நல்லா ஓடற வண்டியை எதுக்குப் பிரிக்கணும், நான் செஞ்சதைக் கழட்டிட்டு ஒரு பிளாஸ்டிக்கை மாட்டறதான்னு ஒரு வீம்பு. சுலைமான் ஒரு நாள் கேட்டாரு. “மாத்தியாச்சுங்களாண்ணா?” “ஆச்சுங்க சார்”னு சொன்னேன். அய்யாகிட்டயும் அதையேதான் சொன்னேன். என்ற வேலையில நான் சொன்ன முதல் பொய்யி அது. நாக்கு கொஞ்சம் கூடத் தடுமாறலை.

எட்டு மாசம் ஓடுச்சு.

ஒரு புதன்கெழமை மத்தியானம் அய்யாவும் அம்மாவும் கோத்தகிரியில சாப்புட்டுட்டு மேட்டுப்பாளையம் பாத்து எறங்கறாங்க, மருதாசலம் ஓட்டறாரு. ரெண்டாவது கியரு, எஞ்சின் பிடிச்சு எறங்குது. ஒரு கொண்டை ஊசி வளைவுல டப்புன்னு ஒரு சத்தம். அதோட ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிருச்சு. பாதி திருப்பின வளைவுல, அந்தக் கனத்த வண்டியை, பவர் இல்லாம ஒரு மனுசன் எப்படித் திருப்புவாரு? தடுப்புச் சுவரை ஒடைச்சுட்டு வண்டி கீழ போயி மரத்துல மோதி நின்னுது. அய்யாவுக்குக் கையி முறிஞ்சுது. மருதாசலத்துக்கு இடுப்பும் காலும் போச்சு. அம்மா ஆஸ்பத்திரி போற வழியிலயே போயிட்டாங்க.

மருதாசலம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து போலீசுகிட்ட ஒண்ணைத்தான் சொன்னாரு. சத்தம் வந்துதுங்க, ஸ்டியரிங் இறுகிப்போச்சுங்க. யாரும் நம்பலை. மத்தியானச் சாப்பாடு, தயிர் சாதம், மலைக் காத்து. தூங்கிட்டான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. அய்யா பின்னாடி சீட்டுல கண்ணசந்திருந்தாரு, அவருக்கு ஒண்ணும் தெரியலை.

வண்டியை எங்க ஒர்க் ஷாப்புக்குத்தான் கட்டியிழுத்துட்டு வந்தாங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கெழமை மத்தியானம் வாரேன்னு சொல்லியிருந்தாரு. காலையில சுலைமானும் நானும் ஆரம்பிச்சோம். பெல்ட்டு கருகித் தெறிச்சிருந்துது. புல்லியைக் கையால சுத்திப் பாத்தாரு, அசையலை. மூக்கு போல்ட் ஒவ்வொண்ணுக்கும் கோடு இழுத்தாரு. அதுக்குள்ள தொழுகைக்கு நேரம் ஆயிருச்சு.

“வந்துர்றேங்கண்ணா. நான் வர்ற வரைக்கும் மூக்குல கை வெக்க வேண்டாம்.”

அவரு பைக் சத்தம் கேட்டைத் தாண்டுன உடனே நான் ஸ்பேனரை எடுத்தேன்.

மூக்கைப் பிரிச்சேன். உள்ள பேரிங் பொடிஞ்சு, உருளை ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிச்சுப் பிடிச்சுட்டு இருந்துது. என்ற கன்மெட்டல் வட்டு மட்டும் ஒரு கீறல் இல்லாம முழுசா இருந்துது. சூட்டுல நீலம் பாஞ்சிருந்துது, அவ்வளவுதான். சொன்ன மாதிரியே நின்னிருந்துது. அதை உருவி பாக்கெட்டுல போட்டேன். டூல்ஸ் பெட்டியில இருந்த அந்தப் புது ஒரிஜினலை எடுத்து, சுத்தியில ரெண்டு அடி அடிச்சு ஒடைச்சு, ஆயில்ல முக்கி, துண்டுகளை உள்ள வெச்சு மூடினேன். இப்ப புல்லி சும்மா சுத்துச்சு. கோட்டுக்குக் கோடு சேத்து போல்ட்டை முறுக்கினேன். அவரு திரும்பி வர்றதுக்குள்ள கையும் கழுவிட்டேன்.

சுலைமான் வந்தாரு. ஒரு போல்ட்டு கிட்டக் குனிஞ்சாரு. கோடு ஒரு நூலு தள்ளியிருந்துது. புல்லியைத் தொட்டாரு. சுத்துச்சு.

“யாராச்சும் தொட்டாங்களாண்ணா?”

“இல்லீங்க சார்.”

“அப்படீங்களா”ன்னாரு. பிரிச்சாரு. பிளாஸ்டிக் துண்டை எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. தேஞ்சு ஒடைஞ்சதுன்னா ஓரம் உருகி நைஞ்சு போயிருக்கும். இது வெள்ளையா, கல்லு ஒடைஞ்ச மாதிரி இருந்துது. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கும் அவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சுபோச்சு.

இன்ஸ்பெக்டர் வந்தாரு. “டிரைவர் ஸ்டியரிங் இறுகிப்போச்சுங்கறானே, அதுக்கு வாய்ப்பு இருக்குதுங்களா?”ன்னு சுலைமானைக் கேட்டாரு. சுலைமான் என்னைப் பாத்தாரு. “கடைசியா மாட்டினது ரங்கசாமியண்ணாதானுங்க. அவரே சொல்லட்டும்.”

எனக்கு ஒரு வாசலைத் தொறந்து வெச்சாருங்க அந்த மனுசன். நான் உள்ள போகலை.

“வாய்ப்பே இல்லீங்க. இந்தக் கப்ளிங் ஒடையறதே அதுக்குத்தான். உள்ள இறுகினா இது ஒடைஞ்சு புல்லி சும்மா சுத்தும். ஸ்டியரிங்குக்கு ஒண்ணும் ஆகாது. வண்டி மோதினப்ப பெல்ட்டு அறுந்திருக்கும்.” சுலைமான் முன்னாடி எனக்குச் சொன்ன அதே விளக்கம். அப்ப ஏறாதது, அன்னிக்கு மனப்பாடமா வந்துது. அவரு அதைக் கேட்டுட்டு நின்னாரு. இன்ஸ்பெக்டர் எழுதிக்கிட்டாரு.

மருதாசலம் தூங்கிட்டாருன்னு முடிவாயிருச்சு. கேஸ் நடந்துது, தண்டனை ஆச்சு. எட்டு மாசம் உள்ள இருந்தாரு. லைசென்ஸ் போச்சு. அம்மாவைக் கொன்னவன்னு அய்யா ஊட்டுல யாரும் அவரு மூஞ்சியில முழிக்கலை. சொந்தக்காரங்க பேச்சுத் தாங்காம பொண்டாட்டியைக் கூட்டிட்டு உடுமலைப்பேட்டைக்குப் போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன்.

சுலைமான் அன்னியில இருந்து என்னை அண்ணான்னு கூப்பிடலை. “ரங்கசாமி, இந்த வண்டியைப் பாருங்க”ம்பாரு. மரியாதையிலயும் குறைவில்லை, வேலையிலயும் குறைவில்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும் போயிருச்சு. நாலு மாசத்துல வேலையை விட்டுட்டு வெளிநாடு போயிட்டாரு. அந்த ஃபோர்மேன் வேலை எனக்கு வந்துது. அத்தனை வருஷமா ஆசைப்பட்ட நாற்காலி. அதுல உக்காந்து ஒரு நாள் கூட நிம்மதியாச் சோறு எறங்கலை. ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலை போட்டு, நேர்மையான மனுசன்னு மைக்குல பேசினாங்க. நானும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு நின்னேன். தூ, என்ன பொழப்பு.

ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க. முதல்ல பயம். வேலை போயிரும், ஜெயில். அப்புறம் மகளுக்குக் கல்யாணம் ஆகட்டும்னு. அப்புறம் பேரன் பொறக்கட்டும்னு. அய்யா மகளோட வெளிநாட்டுல போயி இருந்து அங்கயே காலமாயிட்டாரு. அதுக்கப்புறம் யாருகிட்டச் சொல்றதுன்னு எனக்கு நானே ஒரு சாக்கு வெச்சுக்கிட்டேன். யாருகிட்டச் சொல்லணும்னு எனக்கு நல்லாவே தெரியும்.

அந்தத் தம்பி போட்டோ போட்ட மறுநாள் காலையில கன்மெட்டல் வட்டை எடுத்துக்கிட்டு உடுமலை பஸ் ஏறினேன். இத்தனை வருஷமா அதை பீரோவுல ஒரு சாக்ஸுக்குள்ள வெச்சிருந்தேன். விசாரிச்சுப் போனா, ஒரு தேங்காய் மண்டியில எடை போடற எடத்துல நின்னுட்டு இருந்தாரு மருதாசலம். ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்கறாரு. தலையெல்லாம் வெளுத்துப்போச்சு. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிஞ்சு சிரிச்சாரு.

“ரங்கசாமியண்ணா! வாங்க, வாங்க. எத்தனை வருஷம் ஆச்சுங்க! இருங்க, எளநி வெட்டச் சொல்றேன்.”

எளநி வேண்டாம்னு சொல்லி, நின்ன எடத்துலயே எல்லாத்தையும் சொன்னேன். கடைஞ்சது, மாத்தாதது, வெள்ளிக்கெழமை ஒடைச்சு வெச்சது, இன்ஸ்பெக்டர்கிட்டச் சொன்னது. அவரு எடைத் தட்டு மேல கையை ஊணிட்டு முழுசையும் கேட்டாரு. நான் முடிச்சதும் என்னைப் பாத்துப் பரிதாபப்பட்ட மாதிரி தலையை ஆட்டினாரு.

“விடுங்கண்ணா. நீங்க எதுக்கு இதைப் போட்டு மனசை அலட்டிக்கறீங்க. நான் தூங்கிப்போட்டேனுங்க. எனக்கே ஞாபகம் இருக்குது. முதல்ல இல்லைன்னுதான் சொன்னேன். எல்லாரும் சொல்லிச் சொல்லி, உள்ள உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, ஆமா, கண்ணு சொக்குச்சுங்க. வெளிய வந்த அன்னிக்கு எங்க ஊட்டுக்காரி சாமி படத்துக்கு முன்னாடி நிக்க வெச்சு நெசத்தைச் சொல்லுங்கன்னா. தூங்கிப்போட்டேன்னு அவகிட்டச் சத்தியம் பண்ணிச் சொன்னேனுங்க. அன்னியில இருந்து நான் ஓட்டற வண்டின்னா சைக்கிள்ல கூட ஏற மாட்டேன்னுட்டா.”

நான் வட்டை எடுத்து அவரு கையில வெச்சேன். நீலம் பாஞ்ச எடத்தைக் காட்டினேன். இது இப்படி வெந்திருக்கணும்னா உருளை இறுகி, பெல்ட்டு புல்லி மேல எழைஞ்சு எரிஞ்சிருக்கணும், பெல்ட்டு போனா அந்த நொடியே ஸ்டியரிங் போயிரும்னு சொன்னேன். நீங்க போலீசுகிட்டச் சொன்ன அந்தச் சத்தம் இதுதானுங்கன்னு சொன்னேன். அவரு அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஓட்டைக்குள்ள சுண்டு விரலை விட்டுப் பாத்தாரு.

“அப்ப நான் தூங்கலீங்களா?”

“இல்லீங்க. நீங்க முழிச்சுட்டுத்தான் இருந்தீங்க.”

மண்டிக்குள்ள இருந்து யாரோ லோடு வந்துருச்சுன்னு கத்தினாங்க. அவரு காதுல விழலை. அந்தக் கன்மெட்டலைத் துண்டால ஒருக்கா துடைச்சு என்ற கையிலயே திருப்பி வெச்சாரு.

“எங்க ஊட்டுக்காரி போயிச் சேந்து மூணு வருஷம் ஆச்சுங்க. அவ இருக்கறப்ப ஒருக்கா வந்து சொல்லியிருக்கலாமுங்க.”